ரிஸ்க் அசெஸ்மெண்ட்: வெளியாளா, நாமளேவா?

பனியன் கம்பெனியில் பையர் ஆடிட் (சரக்கு வாங்கும் கம்பெனிக்கான சோதனை) என்றால் ரிஸ்க் அசெஸ்மெண்ட் ஃபைல், அதாவது வேலையிடத்தில் என்னென்ன ஆபத்து, அதற்கு என்ன செய்வது என்று எழுதிவைத்த பதிவு, கேட்காமல் போகமாட்டார்கள். அதை ஆலோசகரிடம் கொடுத்துச் செய்யலாம், நம் ஆட்களே செய்யலாம். திருப்பூரில் எங்கள் யூனிட்டில் இரண்டும் செய்து பார்த்தாயிற்று. என் ஓட்டு நம் ஆட்களுக்குத்தான்.

ஆலோசகர் என்றால் காசு போகும், வேலை சட்டென முடியும். வந்தவர் கெட்டிக்காரர். நடக்க வாய்ப்பு எவ்வளவு, நடந்தால் பாதிப்பு எவ்வளவு என்று ஐந்துக்கு ஐந்து போட்டுப் பெருக்கி, 25-க்கு மார்க் கொடுத்தார். ஆடிட்டரும் திருப்தியாகப் போனார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். அவர் வந்தது ஆர்டர் மந்தமான ஒரு செவ்வாய்க்கிழமை. பேக்கிங் செக்‌ஷன் அவசர வழி பளிச்சென்று கிடந்தது, ஆபத்து குறைவு என்று குறைந்த மார்க் வாங்கியது. ஷிப்மெண்ட் ராத்திரி பார்த்திருக்க வேண்டும்: கதவை மறைத்து ஆளுயரத்துக்கு அட்டைப்பெட்டி. அடுத்த ஆர்டருக்கு பவர் டேபிளை (தையல் மெஷின் வரிசையை) திருப்பிப் போட்டோம், வழியே மாறிப்போனது. ஃபைலில் மட்டும் பழைய வரைபடம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவரைக் கூப்பிட்டுக் கட்டுப்படியாகுமா?

நாமே செய்தபோது செக்‌ஷனுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. சூப்பர்வைசர், ஒரு டெய்லர், ஒரு கைமடி (டெய்லருக்குக் கூடமாட உதவுபவர்), மூவரும் வாரம் அரைமணி நேரம் சுற்றிவந்து எழுதினார்கள். மார்க் எல்லாம் கிடையாது. என்ன ஆபத்து, யாருக்கு, யார் எப்போது சரிசெய்வது, அவ்வளவுதான். எழுத்து கோணல்மாணல், ஆடிட்டுக்கு முன் டைப் அடித்தே ஆகவேண்டும். முதல் மாதம் பாதிப் பக்கம் ஃபேன் ஓடவில்லை என்ற புகார்தான்.

ஆனால் துணி வெட்டும் பேண்ட் நைஃப் மெஷின் விஷயம் அதில்தான் வெளியே வந்தது. பழைய ஃபைலில் 'ஸ்டீல் கையுறை: உள்ளது' என்று டிக். உள்ளதுதான், ஆணியில் தொங்கிக்கொண்டு. ஏன் போடுவதில்லை என்று கேட்டதற்கு கட்டிங் பையன் கையில் மாட்டிக் காட்டினான். விரல் நுனியில் அரை அங்குலம் காலியாகத் தொங்கியது. "இது பிளேடுல மாட்டி இழுத்துருமோன்னு பயமா இருக்குதுங்கண்ணா." சின்ன சைஸ் வாங்கிக் கொடுத்தோம். இப்போது கேட்காமலே போட்டுக்கொள்கிறான்.

எல்லாவற்றுக்கும் நோட்டு போதாது. பாய்லர் ரூம், கரண்ட் பேனல் போர்டு, சத்தம் அளப்பது இதற்கெல்லாம் கருவியும் படித்த ஆளும் வேண்டும், அங்கே ஆலோசகரை இன்னும் கூப்பிடுகிறோம். சாயப்பட்டறையில் நான் வேலை பார்த்ததில்லை. கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு தங்கும் இடம் அது, அங்கே போய் நோட்டை நம்பச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

போன வார நோட்டில் கடைசி வரி, அயர்ன் டேபிள் அக்கா சொல்லி எழுதியது: 'ஸ்டீம் ஹோஸ் காலில் தட்டுகிறது, மேலே தூக்கிக் கட்டணும்.' கட்டியாயிற்று.