தெரபிஸ்ட் பக்கத்திலிருந்து ஒரு ரிவ்யூ: ஆன்லைன் கவுன்சிலிங் ஆப்பில் வேலை எப்படி?

ஆன்லைன் கவுன்சிலிங் ஆப்களைப் பற்றி கிளையன்ட்டுகள் எழுதிய ரிவ்யூ தேடினால் நிறையக் கிடைக்கும். திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிற எங்களைப் போன்றவர்கள் எழுதியது அபூர்வம். எம்.ஃபில் முடித்துவிட்டு வேலை தேடுகிற ஜூனியர்கள் "அக்கா, அந்த ஆப்ல சேரலாமா?" என்று மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். ஆளுக்கொரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பி முடியவில்லை, அதனால் இது. ஆப்பின் பெயர் போடமாட்டேன். நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் அதற்கும் ஒரு ஷரத்து உண்டு. வேறு எந்த ஆப்பில் சேர்ந்தாலும் நீங்கள் பார்க்கவேண்டியவை ஏறக்குறைய இவையேதான்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சென்னையில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஊர் பாளையங்கோட்டை. இரண்டு வருட எம்.ஃபில், ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு, கையில் சிஆர்ஆர் (மத்திய மறுவாழ்வுப் பதிவேடு) எண். 1992-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் மறுவாழ்வு கவுன்சிலின் பதிவேட்டில் நம் பெயர் இருக்கிறது என்பதற்கு அந்த எண்தான் அத்தாட்சி. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சிஆர்இ (தொடர் மறுவாழ்வுக் கல்வி) புள்ளிகள் காட்டிப் புதுப்பிக்கவேண்டும். ஆனால் வெறும் 'கவுன்சிலர்', 'தெரபிஸ்ட்' என்று போர்டு மாட்டுவதற்கு நடைமுறையில் எந்த எண்ணையும் யாரும் கேட்பதில்லை. வாரக்கடைசியில் ஆன்லைன் வகுப்பு முடித்தவரும் மாட்டலாம், மாட்டுகிறார்கள். இந்த நிலைமை தெரிந்தால்தான் நம் வேலைச் சந்தை ஏன் இப்படி இருக்கிறது என்பது புரியும்.

ஆப்புக்கு முன் மற்ற வழிகளையும் பார்த்தேன். பெரிய வேலைவாய்ப்புத் தளம் ஒன்றில் 'கிளினிக்கல்' என்று போட்டால் மெடிக்கல் கோடிங்கும் மருந்துக் கம்பெனி டேட்டா வேலையும்தான் வரிசையாக வரும். தனியார் மருத்துவமனைகள் நம்மைக் கூப்பிடுவது பெரும்பாலும் டெஸ்டுக்காக. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு வரும் பிள்ளைகளுக்கு பினே-காமத் (அறிவுத்திறன்), விஎஸ்எம்எஸ் (சமூக முதிர்ச்சி) டெஸ்டுகள் போட்டு ரிப்போர்ட்டில் சீல் வைக்க ஒரு ஆர்சிஐ எண் தேவை, அவ்வளவே. ஒரு நேர்காணலில் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே "ஒரு நாளைக்கு எத்தனை ரிப்போர்ட் முடிப்பீங்க?" என்பதுதான். எந்த முறையில் தெரபி செய்வேன் என்று கடைசிவரை கேட்கவில்லை. ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் இன்னும் வெளிப்படையாகவே பேசினார்கள். "நம்பர மட்டும் எங்க பேர்ல காட்டிக்கிறோம் மேடம், வாரத்துல ஒருநாள் எட்டிப் பாத்தா போதும், மாசம் ஒரு தொகை தந்துடறோம்." இப்படி எண்ணை வாடகைக்கு விடுகிற ஆட்கள் இருப்பதால்தான் கேட்கிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். நாளை அங்கே ஒருவருக்கு ஏதாவது ஆனால் காகிதத்தில் இருக்கப்போவது உங்கள் பெயர்.

அரசுப் பக்கம் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 1996-ல் நாடு முழுக்க நான்கே மாவட்டங்களில் அது தொடங்கியபோது திருச்சியும் அதில் ஒன்று என்பது நம்மில் பலருக்கே தெரியாது. மாவட்ட நலவாழ்வு சங்கம் வழியாக ஆள் எடுப்பார்கள். 11 மாத ஒப்பந்தம், தொகுப்பூதியம். அறிவிப்பு மாவட்ட இணையதளத்தின் ஏதோ ஒரு மூலையில் பிடிஎஃப்பாகக் கிடக்கும், கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு யாராவது வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்கள். உண்மையில் நல்ல வேலைகள் எல்லாமே அந்த மாதிரி சீனியர் குரூப்களில்தான் வருகின்றன. குரூப்பில் இல்லையென்றால் முதல் வேலையாக உங்கள் பேட்ச் சீனியர் யாரையாவது பிடித்துச் சேர்ந்துகொள்ளுங்கள்.

இனி ஆப். சேர்க்கும் விதம் எனக்குப் பிடித்திருந்தது. சிஆர்ஆர் எண்ணை வாங்கி, ஆர்சிஐ தளத்தில் சரிபார்த்து, புதுப்பிப்புத் தேதியையும் கேட்டார்கள். நான் வேலை செய்த மற்ற இடங்களில் சான்றிதழ் நகலைப் பார்க்காமலேயே கோப்பில் செருகினார்கள். பிறகு ஒரு மாதிரி செஷன். சீனியர் ஒருவர் கிளையன்ட்டாக நடித்தார், நன்றாகவே நடித்தார். முடித்ததும் எங்கே அவசரப்பட்டு ஆறுதல் சொன்னேன் என்று இடம் சுட்டிச் சொன்னார். வேலைக்கு எடுக்கும் இடத்தில் இப்படி ஒரு உரையாடல் நடந்தது எனக்கு அதுதான் முதல்முறை.

பணத்துக்கு வருவோம். விளம்பரத்தில் "மாதம் 80,000 ரூபாய் வரை". அந்த 'வரை' என்ற சொல்லை நன்றாக உற்றுப் பாருங்கள். 50 நிமிட செஷனுக்கு கிளையன்ட் 1,400 ரூபாய் கட்டுகிறார். நமக்கு 650. 80,000 வரவேண்டுமென்றால் நாளுக்கு ஐந்து பேர் வீதம் மாதம் 25 நாள் பார்க்கவேண்டும். அதிலும் 10 சதவீதம் டிடிஎஸ் போய்விடும், கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்குவது நம் பாடு. பி.எஃப் கிடையாது, லீவு எடுத்தால் காசு கிடையாது. செஷன் குறிப்பு எழுதும் நேரத்துக்கும் காசு கிடையாது, அது ஆளுக்குக் கால்மணி நேரம் பிடிக்கும். நாளுக்கு ஐந்து முடியுமா என்றால் முடியும். ஐந்தாவது ஆளுக்கு முன்னால் நான் உட்கார்ந்திருப்பேன், என் காது உட்கார்ந்திருக்காது. நான் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். சேர்ந்த புதிதில் அந்த மூன்று ஸ்லாட்டே நிரம்பாது. வீட்டு வாடகைக்கு இதை மட்டும் நம்பி, கையில் இருக்கிற வேலையை விடாதீர்கள்.

கிளையன்ட் வராமல் போனால்? 24 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் அவருக்கு முழுப் பணமும் திரும்பிவிடும். அதற்குப் பின் ரத்து செய்தாலும் வராமலே இருந்தாலும் ஆப் முழுத் தொகையை எடுத்துக்கொண்டு நமக்குப் பாதி தரும். அந்தப் பாதியை வாங்க 15 நிமிடம் வீடியோ அறையில் காத்திருக்கவேண்டும், கேமராவை அணைக்கக்கூடாது. எதிரே கறுப்புக் கட்டத்தில் "கிளையன்ட் இன்னும் இணையவில்லை" என்று இருக்கும், மூலையில் நம் முகம். 14-வது நிமிடத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து போனால் போச்சு.

ஸ்டார் ரேட்டிங் இன்னொரு தலைவலி. தெரபியில் கிளையன்ட்டுக்கு நம்மேல் கோபம் வருவதும் வேலையின் ஒரு பகுதிதான். சில சமயம் அந்தக் கோபம் வந்த வாரம்தான் உருப்படியான வாரம். ஆப்புக்கு அது தெரியாது. "நீங்களே சொல்லுங்க, இந்தக் கல்யாணம் வேணுமா வேண்டாமா?" என்று கேட்பவருக்கு நான் தீர்ப்புச் சொல்லாவிட்டால் இரண்டு ஸ்டார் விழும், அடுத்த வாரம் தேடல் வரிசையில் நம் பெயர் கீழே போகும். உடனுக்குடன் ஆறுதல் சொல்கிறவர்கள் மேலே போவார்கள். ஹோட்டல் சாம்பாருக்குப் போடுகிற அதே ஸ்டார்.

தமிழுக்காக இந்த ஆப்பைப் பாராட்டவேண்டும். மொழியைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது, எனக்கு வரும் பெரும்பாலான புக்கிங் அந்த வழியாகத்தான். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் துபாய், மஸ்கட்டிலிருந்து வருகிறார்கள். அங்கே ஒரே அறையில் ஆறு பேரோடு தங்கியிருப்பவர் மொட்டை மாடியில் நின்று போனைக் காதில் வைத்துப் பேசுவார், காற்றுச் சத்தத்தில் பாதி கேட்காது. ஆனாலும் "மனசு ஒரு மாதிரி அடைச்சுக்கிட்டு இருக்கு" என்று அவர் சொல்லும்போது அந்த 'ஒரு மாதிரி'யைப் பிடித்துக்கொண்டு நாம் மேலே போகலாம். ஆங்கிலத்தில் பேசும் தெரபிஸ்டிடம் அவர் 'டிப்ரஷன்' என்று சொல்லி முடித்திருப்பார்.

ஆனால் வெளிநாட்டு விஷயத்தில் ஆப் நம்மைத் தனியே விட்டுவிடுகிறது. அமெரிக்காவில் தெரபிஸ்ட் லைசென்ஸ் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கிளையன்ட் எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ அந்த மாநிலத்தின் லைசென்ஸ் வேண்டும் என்பதுதான் பொதுவான விதி. நம் சிஆர்ஆர் எண்ணை வைத்துக்கொண்டு நியூஜெர்சியில் இருப்பவருக்கு சிகிச்சை தருகிறேன் என்று சொல்லமுடியாது. ஆப்பில் அந்த புக்கிங்குகளும் வந்து விழுகின்றன. கேட்டால் "அங்க இருக்கவங்களுக்கு அது கோச்சிங்னு கணக்கு மேம்" என்றார் ஒருங்கிணைப்பாளர். உட்கார்ந்து அழுகிற மனுஷிக்கு அது கோச்சிங் என்று தெரியுமா? நான் அந்த புக்கிங்குகளை ஏற்பதில்லை.

இப்போது சொல்லப்போவதுதான் பெரிய குறை. வயதுவந்த ஒருவரின் செஷனுக்கு அவர் குடும்பத்தார் பணம் கட்டுவது நம் ஊரில் சகஜம். அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். 24 வயதுப் பெண், அம்மாவின் கணக்கில் புக்கிங். மூன்றாவது செஷன் முடிந்ததும் அம்மாவிடமிருந்து எனக்கு மெசேஜ்: "நீங்க அனுப்பின சம்மரியில அந்தப் பையனைப் பத்தி ஒண்ணும் இல்லையே?" நான் எதுவும் அனுப்பவில்லை. செஷன் முடிந்ததும் நாம் தட்டச்சு செய்கிற 'இன்று பேசியவை, வீட்டுப் பயிற்சி' என்ற சுருக்கத்தை ஆப் தானாகவே பணம் கட்டிய மின்னஞ்சலுக்கு அனுப்புகிறது. நல்லவேளை, நான் எப்போதும் அதில் 'மூச்சுப் பயிற்சி, தூக்க அட்டவணை' என்பதற்கு மேல் எழுதுவதில்லை. அம்மாவிடம் விளக்கினேன். "நான்தானேம்மா காசு கட்டுறேன்?" என்றார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நியாயமான கேள்விதான், பதில் சொல்லவேண்டியது ஆப். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு ரகசியம் காக்கும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது, காசு கட்டுபவருக்கு அல்ல. புகார் கொடுத்தேன். "டெக் டீமுக்கு அனுப்பியிருக்கிறோம்" என்ற பதிலோடு நிற்கிறது. அதுவரை என் சுருக்கங்கள் எல்லாமே மூச்சுப் பயிற்சிதான்.

ஒரு புகாரைச் சரிசெய்தார்கள், அதையும் சொல்லவேண்டும். முதலில் கிளையன்ட் சேரும்போது நிரப்பும் படிவத்தில் அவசரத் தொடர்பு எண் கட்டாயமில்லை. இரவில் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றிப் பேசுகிறார், அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதே நமக்குத் தெரியாது என்றால் என்ன செய்வது? 14416-ஐ, அதாவது அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண்ணைக் கொடுக்கலாம், அது 24 மணி நேரமும் இயங்குகிறது. ஆனால் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டுமே. நாங்கள் பலர் சேர்ந்து எழுதிய பிறகு அந்தக் கட்டத்தையும் ஊர்ப் பெயரையும் நிரப்பாமல் புக் செய்யமுடியாதபடி மாற்றினார்கள். அழைத்தால் இரவிலும் எடுக்கிற ஒரு சீனியர் எண்ணும் கொடுத்தார்கள், எடுக்கிறார்.

மாதம் இருமுறை குழு சூப்பர்விஷன் (நம் கேஸ்களைக் குழுவாகப் பேசி, சூப்பர்வைசரிடம் வழிகாட்டல் பெறுவது), இலவசம். வெளியே தனியாக சூப்பர்வைசருக்கு ஒரு மணி நேரத்துக்கு 1,500, 2,000 கொடுக்கும் ஜூனியர்களுக்கு இது பெரிய விஷயம். எட்டு பேர் இருக்கும் குழுவில் நம் கேஸ் பேச முறை வர நாளாகும் என்றாலும் மற்றவர்கள் கேஸைக் கேட்பதிலும் நிறைய இருக்கிறது. நான் இன்னும் இதில் ஒட்டிக்கொண்டிருப்பதற்குப் பாதிக் காரணம் அந்த வியாழக்கிழமை மாலைகள்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். சுருக்கம் அனுப்பும் விவகாரத்தைச் சரிசெய்தால் மூன்றரை. புதிதாக முடித்தவர்கள் முதல் ஒரு வருடமாவது ஒரு மருத்துவமனையிலோ மாவட்டத் திட்டத்திலோ இருந்துவிட்டு, மாலை நேரத்துக்கு மட்டும் இதை எடுத்துக்கொள்வது நல்லது. டெஸ்ட் போட்டே காலம் போனாலும் பரவாயில்லை. அங்கே பக்கத்து அறையில் ஒரு மனநல மருத்துவர் இருப்பார், எதிரில் வருகிற ஆளை முழுசாகப் பார்க்கலாம், கால் ஆடுவது தெரியும்.

கையெழுத்துப் போடுமுன் 11-வது ஷரத்தைப் படியுங்கள். ஆப்பை விட்டு விலகினால் ஒரு வருடத்துக்கு அங்கே பார்த்த கிளையன்ட்டுகளை வெளியே பார்க்கக்கூடாது. வியாபாரமாகப் பார்த்தால் புரிகிறது. ஆனால் நடுவில் இருக்கும் கிளையன்ட்டை யாரிடம் எப்படி ஒப்படைப்பது, விடைபெற எத்தனை செஷன் தருவார்கள் என்று அதில் ஒரு வரி இல்லை. எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே கீழே சேர்க்கிறேன்.