புறாத்தீவு படகுச் சவாரி: படகுக்காரர் பாஸ், மாஸ்க் ஃபெயில்

திருகோணமலையில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க வந்த தமிழ்நாட்டு டீச்சர் எழுதுகிறேன். போயா (இங்கே பௌர்ணமிதோறும் விடும் அரசு லீவு) திங்கட்கிழமையில் வந்தால் மூன்று நாள் லீவு, கொழும்பே வேன் பிடித்து நிலாவெளிக் கடற்கரையில் இறங்கிவிடும். லீவு நாளில் அந்தக் கரைக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவுக்குப் போகலாமா என்று கேட்டால், போகலாம், ஆனால் விடிந்ததுமே கிளம்ப வேண்டும்.

டவுனிலிருந்து நிலாவெளி 15 கிலோமீட்டர் போல, ஆட்டோவே போதும். தீவு தேசியப் பூங்கா என்பதால் நுழைவுச் சீட்டு தனி, படகு தனி. கூட வந்த டீச்சர்களுக்கு உள்ளூர் விலை, எனக்கு வெளிநாட்டவர் விலை. பேசுவது என்னவோ ஒரே தமிழ்தான், ஆனால் கவுண்டரில் பேசுவது பாஸ்போர்ட். படகுக்கு ஆள் கணக்கில்லாமல் மொத்தமாகத்தான் வாடகை பேசினோம், நாலைந்து பேர் சேர்ந்து போனால் கையைக் கடிக்காது.

படகுக்காரர் அருமையான மனிதர். "டீச்சர், வெயில் ஏறினா சுறா இல்ல, சனம்தான்" என்று சொல்லி, இறங்கியதும் கூட்டம் நிற்கும் பக்கத்தை விட்டுவிட்டு தீவின் மறுபக்கம் அனுப்பினார். செருப்பைக் கழற்றாதீர்கள், மணல் என்று நினைத்துக் கால் வைக்கும் இடமெல்லாம் செத்த பவளத் துண்டுகள், மிதித்தால் ஓட்டுச்சில்லு மாதிரி கலகலக்கும், குத்தும். ஆழமில்லாத தண்ணீரில் துடுப்பு நுனி கறுத்த சின்னச் சுறா இரண்டு என்னைக் கண்டுகொள்ளாமல் கடந்து போயின. ஆளைச் சீண்டாத ஜாதி என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள், ஆனாலும் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. அதற்காகவே இன்னொரு முறை காசு கொடுக்கலாம்.

இப்போது தண்ணீருக்குள் பார்க்க முகத்தில் மாட்டும் மாஸ்க். கரையில் வாடகைக்கு எடுத்ததில் ரப்பர் விறைத்துப் போயிருந்தது, பட்டியை முடிச்சுப் போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள், முன்னால் போட்டவரின் சன்ஸ்க்ரீன் வாசனை அப்படியே இருந்தது. ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் மூக்கில் உப்புத் தண்ணீர். மாற்றிக் கேட்டால் எல்லாம் ஒன்றுதான் என்றார் கொடுத்தவர். அது உண்மைதான், அடுத்ததும் ஒழுகியது.

பத்து மணிக்கு மேல் தீவு திருவிழாவாகிவிடும். உயிருள்ள பவளத்தின் மேலேயே ஏறி நின்று செல்ஃபி எடுக்கிறார்கள், விசில் ஊதினால் சிரித்துவிட்டுத் திரும்பவும் ஏறுகிறார்கள். உடைந்தது வளர வருஷக்கணக்காகும் என்று யார் சொல்வது? நிறம் வெளுத்துக் கிடக்கும் இடங்களைப் பார்த்தால் ஆத்திரம்தான் வருகிறது.

மத்தியானம் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனோம். ஏழு சதுரக் கிணறு, ஒவ்வொன்றிலும் ஒரு சூடு, வாளிக்கு வரிசை. லீவு நாளில் இதைத் தைரியமாக விட்டுவிடலாம். சாயங்காலம் கோணேசர் கோயில். கோட்டை வாசலைத் தாண்டினால் புள்ளிமான்கள் ஆட்டோவுக்கு வழிவிடாமல் நிற்கும், அதற்கு டிக்கெட் கிடையாது.

மே முதல் செப்டம்பர் வரை கடல் அடங்கியிருக்கும், அதற்குள் போய்விடுங்கள். அடுத்த லீவுக்கு அதே படகுக்காரரிடம் சொல்லி வைத்துவிட்டேன். மாஸ்க் மட்டும் சென்னையிலிருந்து வரும் தம்பியிடம் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.