ஹட்டன் கலாத்தியர் வகுப்பு: நான்கு வாரம் நன்று, ஐந்தாவது வாரம் நெருக்கடி

பவுல் கலாத்தியா நாட்டுச் சபைகளுக்கு எழுதிய நிருபம்தான் பாடம்: ஆறு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஓர் அதிகாரம். வீட்டு ஜெபக்கூட்டம் நடத்துகிறவர்களுக்காக ஹட்டனில் ஒரு சபை மண்டபத்தில் நடக்கும் வகுப்பு இது. கட்டணம் இல்லை, பயிற்சிப் பிரதிக்கு மட்டும் காசு. முதல் நாள் நிருபத்தின் 149 வசனத்தையும் இடையில் நிறுத்தாமல் சத்தமாக வாசிக்க வைக்கிறார்கள். நல்ல தொடக்கம். பவுல் எவ்வளவு கோபத்தோடு எழுதுகிறார் என்பது துண்டு துண்டாக வாசித்தால் தெரியாது.

இரண்டாம் வாரம் அந்தியோகியாவில் நடந்த மோதல். பேதுரு யூதரல்லாத புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டவர், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் விலகிக்கொள்கிறார். அவர் உபதேசத்தை மாற்றவில்லை, பந்தியை மட்டும் மாற்றினார். பவுல் முகமுகமாய் எதிர்த்தது அதற்குத்தான். நம் சபைகளில் நகை போட்டவரை முன்வரிசையில் உட்காரவிடாத பழக்கத்தையும் இந்த இடத்தில் பேசியிருக்கலாம். பேசவில்லை.

மூன்றாம் வாரத்துக்காகவே போகலாம். ஆதியாகமம் 15:6இல் ஆபிரகாம் விசுவாசித்தது நீதியாக எண்ணப்படுகிறது. அதற்குப் பிறகு மகன் இஸ்மவேல் பிறந்தபோது அவருக்கு வயது 86, விருத்தசேதனம் பெற்றபோது 99. அப்படியானால் நீதிமானாக எண்ணப்பட்டதற்கும் அடையாளம் பெற்றதற்கும் நடுவே குறைந்தது 13 வருடம். மோசேயின் நியாயப்பிரமாணமோ ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்குத்தத்தத்துக்கு 430 வருடம் கழித்து வந்ததென்று 3:17 சொல்கிறது. இந்த எண்களைக் கரும்பலகையில் கோடு போட்டு வரிசையாக எழுதியதும், விசுவாசமா சட்டமா, எது முந்தியது என்று யாரும் வாதாடுவதில்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான். இரட்சிப்பு கிருபையால் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள், ஆனால் தினசரி வாழ்க்கையில் செக்ரோல், அதாவது தோட்டத்தில் வேலைப் பேர் போடும் பதிவேடு, திறந்துவிடுகிறது. கொழுந்து கிலோ குறைந்தால் அரை நாள் கூலியான அரைப் பேர் விழுவதுபோல, காலை ஜெபம் தவறிய நாளில் தேவனும் அரைப் பேர்தான் போடுவார் என்ற எண்ணம். 3:3 கேட்பது இதைத்தான்: ஆவியில் தொடங்கியதை மாம்சத்தில் முடிக்கப் பார்க்கிறீர்களா?

இதற்குப் பிரதியில் ஒரு பயிற்சி உண்டு. நாம் கடைப்பிடிப்பவற்றை மூன்று நிரலில் எழுத வேண்டும்: வேதத்தின் கட்டளை, சபை வழக்கம், நாமாகச் செய்த பொருத்தனை (நேர்த்தி). வெள்ளைச் சேலையும் வெள்ளிக்கிழமை உபவாசமும் முதல் நிரலில்தான் முதலில் விழும். வசனம் காட்டச் சொன்னால் இரண்டாவதுக்கு நகரும். வழக்கத்தைத் தூக்கி எறியச் சொல்வதில்லை, இருக்க வேண்டிய நிரலில் வைக்கச் சொல்கிறார்கள். தசமபாகத்தில் விவாதம் முட்டிக்கொண்டால் 2 கொரிந்தியர் 9:7ஐ வாசித்துவிட்டு, விசனமாயும் கட்டாயமாயும் கொடுக்கலாகாது என்பதோடு நகர்கிறார்கள். அரை மணி நேரமாவது கொடுத்திருக்க வேண்டும். கடன் வாங்கிக் காணிக்கை போடும் தோட்ட லயத்து வீடுகள் உண்டு.

ஐந்தாம் வாரம் சறுக்குகிறது. 5:1 சொல்லும் சுயாதீனத்திலேயே (விடுதலையிலேயே) நேரம் போய்விட, 5:13இலிருந்து ஆவியின் கனி வரை இருபது நிமிடத்தில் அள்ளித் தெளிக்கிறார்கள். இதன் விளைவு தெரிந்ததே: ஒருவர் "இனிச் சட்டமே இல்லை" என்று வீட்டுக்குப் போவார், இன்னொருவர் பயந்து பழைய பட்டியலுக்கே திரும்புவார். தீத்து 2:11-12ஐ இங்கே சேர்த்திருந்தால் போதும், அவபக்தியை வெறுக்கச் சொல்லிப் போதிப்பதும் அதே கிருபைதான் என்று அங்கே இருக்கிறது. அதற்குப் பதிலாக சீர்திருத்தத் தலைவர் மார்ட்டின் லூத்தரின் 1535 கலாத்தியர் விரிவுரையிலிருந்து இரண்டு பக்கம். வரலாறாகப் பயன்தான், ஆனால் வாசகத் தமிழ் கடினம். யூதர் எல்லோரும் தேவனோடு நற்கிரியைக் கணக்குப் பார்க்கிறவர்கள் என்ற தவறான படத்தையும் அது விட்டுச்செல்கிறது.

ஆறாம் வாரம் 6:2க்கும் 6:5க்கும் உள்ள வித்தியாசத்தை நன்றாக விளக்குகிறார்கள். முன்னதில் மற்றவரின் பாரத்தைச் சுமக்கிறோம், பின்னதில் அவனவன் தன் பாரத்தையே சுமக்கிறான். நோயாளி வீட்டில் "விசுவாசக் குறைவு" என்று சொல்லிவிட்டு வரும் ஊழியர்கள் இந்த வகுப்பையாவது தவறவிடக் கூடாது.

மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பஸ்ஸுக்காக முடிவுக்கு முன்பே எழும்ப வேண்டிவரும். கேள்வி நேரமோ கடைசியில்தான். கேள்வியைத் துண்டில் எழுதி இடைவேளையிலேயே கொடுத்துவிடுங்கள், வாங்கி வைத்து முதலில் பதில் சொல்கிறார்கள்.