பழைய ஹெச்.டி. டேப்பை ஸ்டூடியோவில் கொடுக்கப் போகிறீர்களா? ஒரு நிமிடம்

மயிலாடுதுறை, கும்பகோணம், திருவாரூர் பக்கம் பல வீடுகளில் பீரோவுக்குள் குட்டிக் குட்டி மினி டி.வி. (Mini DV) வீடியோ கேசட்டுகள் இன்னும் கிடக்கின்றன. அவற்றை போன் வீடியோவோடு சேர்த்து ஒரே படமாகத் தொகுக்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு 38,000 ரூபாய் பேசி, 20,000 அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு செய்து கொடுத்த வேலை இது. ஸ்டூடியோவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. என்ன நடந்தது என்று தெரிந்தால் எந்த ஸ்டூடியோவிலும் நீங்கள் ஏமாற மாட்டீர்கள்.

2009-ல் அப்பாவுக்குத் திருக்கடையூரில் மணிவிழா நடந்தது. சின்ன மாமா தன்னுடைய ஹெச்.டி.வி. (HDV, அதே குட்டிக் கேசட்டில் ஹெச்.டி. படம் பதியும் வகை) கேமராவில் மூன்று கேசட் எடுத்தார். 2019-ல் அதே கோயிலில் பீமரத சாந்தி. அப்போது ஒரு தம்பி டி.எஸ்.எல்.ஆரில் எடுத்தான், மற்றவர்கள் போனில் எடுத்தார்கள். போன வருடம் அம்மா போய்விட்டார். வருடத் திதிக்குள் இதையெல்லாம் கோர்த்து ஒரு மணி நேரப் படமாக அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஸ்டூடியோவில் கேட்டதற்கு, "எதுல எடுத்ததா இருந்தாலும் கொடுங்கண்ணே, எல்லாத்தையும் 4கே ஆக்கித் தந்துடலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பினேன்.

பென்டிரைவ் வந்தது. டிவியில் போட்டோம். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை, நடுவில் அம்மா ஒல்லியாக, நெட்டையாக நிற்கிறார். எங்கள் அம்மா பூசினாற்போன்ற உடம்புக்காரர். அப்பா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "உங்கம்மா இப்படியாடா இருந்தா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. தவில்காரர் கை அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகக் கிழிந்து தெரிந்தது. சல்லடை வழியே கலசத் தண்ணீரை ஊற்றும் காட்சிதான் நான் மிகவும் எதிர்பார்த்தது. அதில் தண்ணீர் விட்டு விட்டு விழுந்தது. போனில் அம்மா பேசுகிற பகுதியில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.

திரும்பப் போய்க் கேட்டால், "பழைய டேப் அப்படித்தாண்ணே இருக்கும்" என்றார்கள். மறுநாள், "உங்க டிவி செட்டிங்கைப் பாருங்க" என்றார்கள். டேப்பிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றிய மூலக் கோப்புகளைக் கேட்டேன். மூன்று முறை அலைந்த பிறகுதான் கிடைத்தன.

தஞ்சாவூரில் படிக்கும் அக்கா மகன் அதை மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்து பார்த்துவிட்டு, "மாமா, இது ஹெச்.டி.யே இல்ல" என்றான். அகலம் 720, உயரம் 576 என்று இருந்தது. மாமாவின் ஹெச்.டி.வி. டேப்பில் இருப்பது 1440க்கு 1080. பிக்சலே, அதாவது படத்தின் ஒவ்வொரு புள்ளியுமே, கொஞ்சம் அகலமாக இருப்பதால் திரையில் 1920க்கு 1080 ஆக விரியும். அப்படியானால் நடுவில் என்ன ஆனது? அந்தக் காலத்து ஹெச்.டி.வி. கேமராக்களில் ஃபயர்வயர் என்ற கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும்போது படத்தை ஹெச்.டி. இல்லாத பழைய டி.வி. (DV) தரத்துக்கு இறக்கிக் கொடுக்கும் ஒரு மெனு உண்டு. சோனியில் அதற்கு 'ஐ.லிங்க் கன்வ்' என்று பெயர். அது ஆனில் இருந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. அப்படி இறங்கி வந்த படத்தைத்தான் இழுத்துப் பெரிதாக்கி 4கே என்று கொடுத்தார்கள். அகலத்திரைப் படம் என்ற குறிப்பையும் கவனிக்காமல் போட்டதால் அம்மா ஒல்லியாகிவிட்டார்.

சீப்புக் கோட்டுக்கும் காரணம் இருக்கிறது. நம் ஊரில் அந்தக் கேமராக்கள் நொடிக்கு 25 ஃப்ரேம், அதாவது 25 தனிப் படம், எடுக்கும். ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு பாதி. ஒற்றைப்படை வரிகள் ஒரு பாதி, இரட்டைப்படை வரிகள் இன்னொரு பாதி, இரண்டுக்கும் நடுவே நொடியில் 50-ல் ஒரு பங்கு இடைவெளி. அந்த இடைவெளிக்குள் தவில்காரர் கை நகர்ந்துவிடும். இரண்டு பாதியையும் முறையாகப் பிரித்தால் நொடிக்கு 50 முழுப் படம் கிடைக்கும், தண்ணீர் தண்ணீராக விழும். பிரிக்காமல் அப்படியே பெரிதாக்கினால் கோடு கோடாகக் கிழியும். அக்கா மகன் அதே கோப்பைப் பிரித்துப் பார்த்தான். முதல் தடவை தண்ணீர் முன்னும் பின்னுமாகத் துள்ளியது. அந்தப் பாதிகளுக்கு ஃபீல்டு என்று பெயர். ஹெச்.டி.வி.யில் மேல் ஃபீல்டு முதலில் வரும், இறக்கிய டி.வி. (DV) தரத்தில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். அதை மாற்றிக் கொடுத்ததும் சரியானது. ஆனாலும் படம் மங்கல்தான். இறக்கும்போது போன விவரம் போனதுதான், டேப்பை மறுபடி ஏற்றுவதைத் தவிர வழியில்லை.

டைம்லைனிலும், அதாவது எடிட்டிங் மென்பொருளில் கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் இடத்திலும், தப்பு. முதலில் ஒரு போன் வீடியோவை இழுத்துப் போட்டிருக்கிறார்கள். மென்பொருள் அதைப் பார்த்து நொடிக்கு 30 ஃப்ரேம் என்று அமைத்துக்கொண்டது. டேப்பும் டி.எஸ்.எல்.ஆரும் 25. அதனால் நொடிக்கு 5 ஃப்ரேம் இரண்டு தடவை வந்து எல்லாம் தட்டுத் தட்டாக ஓடியது. போன் வீடியோக்களில் ஃப்ரேம் வேகம் ஒரே சீராக இருக்காது, வெளிச்சம் குறைந்தால் வேகமும் குறையும். அதைச் சீராக்காமல் போட்டால் போகப் போக குரல் விலகும். சில கிளிப்புகளை வாட்ஸ்அப்பில் வாங்கியிருந்தார்கள், அங்கேயே பாதித் தரம் போய்விட்டது. அதில் என் பங்கும் உண்டு, அனுப்பியது நான். அனுப்புவதென்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள், அதைவிடக் கேபிள் போட்டு ஏற்றுவது மேல்.

கடைசியாக, 70 நிமிடப் படம் பென்டிரைவில் 4 ஜி.பி.க்குச் சற்றுக் குறைவாக இருந்தது. எஃப்.ஏ.டி.32 முறையில் இருக்கும் பென்டிரைவில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. அதற்காக நசுக்கியிருக்கிறார்கள். கணக்குப் போட்டால் நொடிக்கு 8 மெகாபிட் சொச்சம். 2009-ல் மாமா எடுத்த டேப்பிலேயே நொடிக்கு 25 மெகாபிட் இருக்கிறது. 4கே என்ற பெயரில் வந்தது அதில் மூன்றில் ஒரு பங்கு.

சரி, அப்புறம் என்ன செய்தோம்? மயிலாடுதுறையிலேயே வேறொருவரிடம் போனோம். கேசட்டைப் போடுவதற்கு முன்னால் வெளிச்சத்தில் பிடித்து ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தார். நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கு அது வரும். கேசட் முதுகில் இருக்கும் சின்னப் பட்டையை 'சேவ்' பக்கம் தள்ளினார், தவறிக்கூட மேலே பதிந்துவிடக் கூடாது என்பதற்காக. ஃபயர்வயர் கார்டு போட்ட பழைய கம்ப்யூட்டரில் உள்ளது உள்ளபடி ஏற்றினார். ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் ஆகும், கோப்பு சுமார் 11 ஜி.பி. வரும். இரண்டு இடத்தில் படம் அரை நொடி உறைந்தது. இந்த வகை டேப்பில் ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் பல ஃப்ரேம் சேர்ந்தே போகும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

பிறகு எல்லாவற்றையும் புரோரெஸ் 422-க்கு மாற்றினார். இது எடிட்டிங்குக்கான இடைநிலைக் கோப்பு, இடம் நிறையப் பிடிக்கும். 1080-ல் நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 55 ஜி.பி., 50 ஃப்ரேம் என்றால் அதைப்போல இரண்டு மடங்கு. ஹார்டுடிஸ்க் நானே வாங்கிக் கொடுத்தேன். டைம்லைனை 1920க்கு 1080, நொடிக்கு 50 ஃப்ரேம் என்று முதலிலேயே அமைத்தார். டேப் அதில் முழுதாகப் பொருந்தியது, டி.எஸ்.எல்.ஆர். ஃப்ரேம் ஒவ்வொன்றும் சரியாக இரண்டு தடவை வந்தது. போன் கிளிப்புகளில் மட்டும் லேசான தட்டல் இருக்கிறது, குரல் விலகவில்லை. 4கே வேண்டுமா என்று கேட்டேன். "டேப்புல இருக்கிறதே 1080 தான், சும்மா பெருசாக்கி என்ன செய்ய?" என்றார். டிவியில் போட்டுப் பார்ப்பதற்காகச் சுருக்கும் ஹெச்.264 வடிவத்துக்கு ஒரே ஒரு தடவை, கடைசியில்தான் போனார்.

நீங்கள் கொடுப்பதானால் அட்வான்ஸுக்கு முன் இரண்டே கேள்வி கேளுங்கள். டேப்பிலிருந்து ஏற்றிய மூலக் கோப்பைத் தருவீர்களா? டைம்லைன் எத்தனை ஃப்ரேமில் போடுவீர்கள்? முதல் கேள்விக்கு இழுத்தால் கேசட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். இரண்டாவதற்கு 25 அல்லது 50 என்று பதில் வர வேண்டும். முதலில் ஐந்து நிமிடம் மட்டும் ஏற்றச் சொல்லி, மாமா எடுத்தது மாதிரி ஹெச்.டி.வி. டேப் என்றால் மீடியாஇன்ஃபோவில் 1440க்கு 1080 என்று வருகிறதா என்று நீங்களே பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள்.

திதிக்குள் முடியவில்லை, பத்து நாள் தள்ளித்தான் அப்பா பார்த்தார். முதல் ஸ்டூடியோவிடமிருந்து 8,000 திரும்ப வந்திருக்கிறது. பில் தரவில்லை, ஆனால் அட்வான்ஸ் ஜிபேயில் அனுப்பியதற்கு ஆதாரம் இருக்கிறது. மீதி 12,000-க்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் கொடுக்கப் போகிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.