கா-பார் கத்தி: அலகு அருமை, உறையை ஆம்பூர் பக்கம் தைத்துக்கொள்ளுங்கள்

1942-ல் அமெரிக்க மரைன் படைக்காக வந்த வடிவம் இது. 7 அங்குல அலகு, 1095 குரோ-வான் (குரோமியமும் வனேடியமும் சேர்த்த) கார்பன் எஃகு, தோல் வில்லைகளை அடுக்கி இறுக்கிய பிடி. எடை ஏறத்தாழ 320 கிராம். தோப்பில் கிளை கழிக்கவும் கயிறு அறுக்கவும் தாராளமாகப் போதும். பிடிக்குள் போகும் அலகின் தண்டு கடைசி வரை போனாலும் ஒல்லியானது. அதனால் விறகு பிளக்க இதன் முதுகில் கட்டையால் அடிக்காதீர்கள்.

பிடியை உள்ளங்கையில் சற்றுச் சாய்வாகப் படுக்க வைத்து, ஆள்காட்டி விரல் தடுப்பை (அலகுக்கும் பிடிக்கும் நடுவே உள்ள குறுக்குத் தகட்டை) ஒட்டியிருக்க, பெருவிரலை நடுவிரல் மேல் மடக்கிப் பிடிப்பதே இதற்குச் சரியான பிடி. பெருவிரலை அலகின் முதுகில் வைத்து நுணுக்கமாகச் சீவ நினைத்தால் மேல்தடுப்பு இடிக்கும். அந்த வேலைக்குச் சின்னக் கத்திதான் சரி. வியர்த்த கையிலும் தோல் பிடி நன்றாக ஒட்டுகிறது. ஆனால் வேலூர் சித்திரை வெயிலில் வில்லைகள் காய்ந்து சுருங்கும். இடையில் இடுக்கு விழும். மாதம் ஒருமுறை தேன்மெழுகை லேசாகச் சூடாக்கித் தேய்த்தால் போதும். எண்ணெயில் ஊறவைத்தால் தோல் தளர்ந்து பிடி ஆடத் தொடங்கும்.

கத்தியோடு வரும் உறைதான் குறை. கத்தியை இழுக்கும்போதும் சொருகும்போதும் பிடிவார் (பிடியைச் சுற்றிப் பட்டன் போடும் தோல் வார்) அலகின் வாய்க்கு, அதாவது வெட்டும் ஓரத்துக்கு, நேரே வந்து நிற்கிறது. கொஞ்சம் அசந்தால் அறுந்துவிடும். டிச் பட்டனைக் கழற்றியதும் வாரைப் பெருவிரலால் ஒதுக்கிப் பிடித்து, நேராக இழுங்கள். மற்றக் கையால் உறையைச் சுற்றிப் பிடிக்கவே கூடாது. அலகின் வாய் உறையின் தையலை அறுத்துக்கொண்டு வந்தால் நேரே உள்ளங்கையில்தான் இறங்கும். சொருகும்போது கண் உறை மேல் இருக்கட்டும். அலகின் முதுகை உறையின் மடிப்புப் பக்கம் அழுத்தியபடி இறக்கினால் தையல் பிழைக்கும்.

புது உறை தைக்க வேலூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி, தோல் வீட்டு வாசலிலேயே கிடைக்கிறது. ஆனால் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளில் பெரும்பாலும் குரோம் தோல்தான் (குரோமிய உப்பால் பதனிட்டது). அது ஷூவுக்கு நல்லது, உறைக்கு ஆகாது. நனைத்து அழுத்தி எடுத்த வடிவம் அதில் நிற்காது. அதில் தங்கும் உப்பு கார்பன் எஃகில் துருவைக் கிளப்பும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட மாட்டுத்தோலைக் கேட்டு வாங்குங்கள். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: நீலச்சாம்பல் தெரிந்தால் குரோம், உள்வரை பழுப்பாக இருந்தால் பட்டைத்தோல்.

தடிமன் 3 மில்லிமீட்டராவது வேண்டும். வாய் வரும் பக்கம் இரண்டு தோலுக்கும் நடுவே நீளவாக்கில் வெட்டிய ஒரு தோல் துண்டை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். அலகு தையலைத் தொடாமல் காப்பது அதுதான். தைத்தபின் வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் நனைத்து, எண்ணெய் தடவி பிளாஸ்டிக் தாள் சுற்றிய கத்தியை உள்ளே இறக்கி, தடுப்பைச் சுற்றி விரலால் அழுத்தி வடிவம் எடுங்கள். நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயட்டும். மொட்டை மாடி வெயிலில் வைத்தால் தோல் வளைந்து வெடிக்கும். காய்ந்தபின் பட்டன் போடாமல் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள். கத்தி நழுவினால் மறுபடி நனைத்து இறுக்க வேண்டும்.

பெல்ட்டில் நேராக மாட்டினால் பைக்கில் உட்காரும்போது பிடியின் முனை விலாவில் குத்தும். பெல்ட் வளையத்தை ஒரு டி-வளையத்தில் (D வடிவ உலோக வளையம்) தொங்கவிட்டுத் தைத்தால் இடுப்புக்குக் கீழே இறங்கி, உட்காரும்போது விலகிக்கொடுக்கும். இப்படி மாட்டுவதெல்லாம் நிலத்து வேலைக்கு மட்டும். ஆயுத விதிகள் 2016 சொல்லும் 9 அங்குல நீளம், 2 அங்குல அகலம் என்ற வரம்புக்குள்தான் இது வருகிறது. இருந்தாலும் காட்பாடி ஸ்டேஷனில் இடுப்பில் தொங்கவிட்டு நடப்பது வம்பு. உறையோடு பையின் அடியில் போகட்டும்.

எந்தத் தோலானாலும் கத்தியை அதற்குள்ளேயே மாதக்கணக்கில் வைக்காதீர்கள், ஐப்பசி மழையில் முக்கியமாக. துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு தடவி, துணியில் சுற்றித் தனியாக வையுங்கள்.