இணையத்தில் பகடையும் தாயமும்: நெடுநாள் ஆடியதன் அனுபவம்

சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குத் தாயமும் பல்லாங்குழியும் டாம் என்ற கட்டப்பலகை ஆட்டமும் சிறு வயதிலேயே கைப்பழக்கமாகிவிட்டவை. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்துக் குடும்பங்கள் தாமான்களுக்கும் பட்டணங்களுக்கும் பிரிந்துபோன பிறகு, அந்த ஆட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதே பெரும்பாடாகிவிட்டது. எங்கள் குடும்பத்தில் நான் சுங்கை சிப்புட்டிலும், அக்கா கூலிமிலும், தம்பி ஜொகூர் பாருவிலும் இருக்கிறோம். 2020-ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்தபோது, லூடோ கிங் செயலியில் ஒருவரையொருவர் அழைத்து ஆடத் தொடங்கினோம். ஆணை விலகியபின்னும் ஆட்டம் நிற்கவில்லை. பேக்கமன், போர்ட் கேம் அரீனா தளத்தின் பலகை ஆட்டங்கள் என்று அது விரிந்துகொண்டே போனது. இவ்வளவு காலம் ஆடியதில் ஒரு கருத்து என் மனத்தில் உறுதிப்பட்டிருக்கிறது: அடுத்து எந்த எண் விழுந்தாலும் அதற்கொரு பயன் இருக்கும்படி காய்களை முன்கூட்டியே நிறுத்தி வைப்பவரே பகடை ஆட்டத்தில் அதிகம் வெல்கிறார்.

அதற்குமுன், எல்லாரும் சொல்லும் ஒரு குறையைப் பேசிவிட வேண்டும். "எனக்கு மட்டும் இந்தக் கம்ப்யூட்டர் ஆறே போடமாட்டேங்குது" என்று எங்கள் சித்தப்பா சொல்லாத நாளில்லை. நேர்மையான பகடையில் ஆறு விழும் வாய்ப்பு ஆறில் ஒன்று. தொடர்ந்து 10 முறை உருட்டியும் ஆறு விழாமற்போகும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றுக்கு 16. ஒருவருக்கு இது அரிதாகத் தோன்றலாம். ஆனால் நால்வர் ஆடும்போது, அந்த நால்வரில் யாராவது ஒருவர் முதல் 10 முறையும் ஆறு விழாததால் காய் இறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 50-ஐத் தொடுகிறது. இரண்டு ஆட்டத்துக்கு ஒரு முறை யாரோ ஒருவர் வயிறெரிந்து எழுந்துபோவார் என்பதே கணக்கு. தரையில் அமர்ந்து ஆடிய காலத்திலும் இப்படித்தான் விழுந்தது. கைப்பேசியில் ஆட்டங்கள் விரைவாக முடிந்து எண்ணிக்கையில் பெருகிவிட்டதால், அந்த அரிய நிகழ்வு அடிக்கடி கண்ணில் படுகிறது.

இனி லூடோ. ஒரு பகடை மட்டும் உருளும் இந்த ஆட்டத்தில், எதிரியின் காய் நமக்குப் பின்னால் ஒரு கட்டத்தில் இருந்தாலும் ஆறு கட்டத்தில் இருந்தாலும் நேரடியாக வெட்டுப்படும் வாய்ப்பு ஒன்றுதான், ஆறில் ஒன்று. ஒட்டி நிற்கும் காயைக் கண்டு அஞ்சி ஓடுகிறவர்கள் பலர். நான்கு கட்டம் தள்ளி நிற்பதையும் அதே அச்சத்தோடு பார்க்க வேண்டும். ஆறு கட்டத்தைத் தாண்டிவிட்டாலோ, முதலில் ஆறு விழுந்து, அதன்பின் சரியான எண்ணும் விழுந்தால்தான் வெட்ட முடியும் என்பதால் ஆபத்து பெருமளவு குறைந்துவிடுகிறது.

அண்மையில் அக்காவோடு ஆடியபோது வந்த ஒரு நிலையைச் சொல்கிறேன். என் மஞ்சள் காய் ஒன்று வெளிக்கட்டத்தில் நிற்கிறது. அதற்குப் பின்னால் 3 கட்டத்தில் ஒன்றும் 5 கட்டத்தில் ஒன்றுமாக அக்காவின் இரண்டு சிவப்புக் காய்கள். என் இன்னொரு காய் நட்சத்திரக் கட்டத்தில் இருக்கிறது. எனக்கு 4 விழுந்தது. நட்சத்திரத்தில் இருந்த காயை நகர்த்தினால் அது வீட்டுப் பாதைக்குள் நுழைந்துவிடும்; பார்க்க அழகான ஆட்டம், தம்பியும் அதைத்தான் ஆடச் சொன்னான். ஆனால் அந்தக் காயை நட்சத்திரத்தில் யாராலும் வெட்ட முடியாது, ஆகவே அதற்கு அவசரமில்லை. வெளிக்கட்டத்துக் காயை அப்படியே விட்டால் அக்காவுக்கு 3, 5 ஆகிய இரண்டு எண்களும் வெட்டு. குறைந்தது மூன்றில் ஒரு வாய்ப்பு. அதையே 4 கட்டம் முன்னே நகர்த்தியதும் இடைவெளி 7, 9 என்றாகி, வாய்ப்பு ஏறக்குறைய பதினெட்டில் ஒன்றாக இறங்கிவிட்டது. பத்திரமான காயைக் காக்க வைத்து, ஆபத்தில் இருக்கும் காயை முதலில் நகர்த்துவது என்ற இந்த ஒரு பழக்கத்தாலேயே எங்கள் ஆட்டங்களின் போக்கு மாறியது என்று உறுதியாகச் சொல்வேன்.

இன்னொன்று, ஒரே காயை விரட்டிக்கொண்டுபோய் வீட்டில் சேர்க்கும் வழக்கம். வீட்டுப் பாதையில் மிகச் சரியான எண் விழுந்தாக வேண்டும். பலகையில் அந்த ஒரு காய் மட்டும் இருந்து, அதற்கு 2 தேவைப்பட்டால், 3, 4, 5 ஆகிய எண்கள் எல்லாம் வீண். மூன்று காய்களாவது வெளியே இருந்தால் எந்த எண்ணும் வீணாகாது.

தாயத்தின் கணக்கு இதிலிருந்து அடியோடு வேறுபட்டது என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பித்தளைத் தாயக்கட்டை ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம்: வெறுமை, 1, 2, 3. இரண்டு கட்டைகளும் சேர்ந்து 16 விதமாக விழலாம். அவற்றில் 3 விழுவது நான்கு விதம். 2-உம் 4-உம் மும்மூன்று விதம். தாயம் எனப்படும் 1-உம் 5-உம் இரண்டிரண்டு விதம். 6-உம், இரண்டும் வெறுமையாக விழும் 12-உம் ஒவ்வொரு விதம். தாயம், 5, 6, 12 விழுந்தால் மறு ஆட்டம் உண்டு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்படியானால் ஒருவருடைய முறை எப்போதும் 2, 3, 4 ஆகியவற்றில் ஒன்றில்தான் முடிந்தாக வேண்டும். அதிலும் பத்தில் நான்கு முறை 3-இல் முடியும். எதிரியின் காய்க்கு 3 கட்டம் முன்னால் நம் காயை மலையில்லாத (வெட்டுப்படக்கூடிய) இடத்தில் விட்டுவைப்பவர், பத்துக்கு நான்கு முறையாவது அதை வெட்டுக்குக் கொடுக்கிறார். ஒரு கட்டமோ 5 கட்டமோ இடைவெளி விட்டவருக்கு ஆபத்து அதில் பாதிதான். பெரியவர்கள் "மூணுல நிக்காதே" என்று அதட்டியதன் பின்னால் இவ்வளவு கணக்கு இருக்கிறது என்பதை எண்ணி எண்ணி வியக்கிறேன். ஆகவே தாயச் செயலியைத் தேர்ந்தெடுப்பவர்கள், அதில் நான்கு பக்கக் கட்டை இரண்டு உருள்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆறுமுகப் பகடை ஒன்றை உருட்டிவிட்டுத் தாயம் என்று பெயர் வைத்திருந்தால் இந்த நுட்பம் அனைத்தும் தொலைந்துவிடும்.

பேக்கமன் நம் பக்கத்தில் அதிகம் ஆடப்படுவதில்லை. ஆனாலும் தாயம் தெரிந்தவர்களுக்கு அது விரைவில் பிடிபடும். ஆளுக்கு 15 காய், 24 முனை, இரண்டு பகடை. இங்கே இடைவெளி மிகப் பெரிய பொருட்டு: தனித்து நிற்கும் காய் எதிரியிடமிருந்து 6 முனை தள்ளி இருந்தால் 36-இல் 17 விதமாக அடிபடலாம், ஒரே ஒரு முனை கூட்டி 7-இல் வைத்தால், வழியில் தடை ஏதும் இல்லாதபோதும், 6 விதமாகத்தான் அடிபடும். தொடக்கத்தில் 3-1 விழுந்தால் தன் வீட்டின் ஐந்தாம் முனையை இரண்டு காய்களால் பிடித்துக்கொள்வதே சிறந்தது என்பதில் கருத்து வேறுபாடே இல்லை. குனு பேக்கமன் என்ற இலவச மென்பொருளில் ஆடி முடித்த ஆட்டத்தைக் கொடுத்தால், எந்த நகர்த்தல் எவ்வளவு நட்டம் என்று வரிக்கு வரி காட்டுகிறது. பகடை ஆட்டத்தில் முறையாகத் தேற விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது கடினம்.

போர்ட் கேம் அரீனா 2010-இல் பிரான்சு நாட்டில் தொடங்கப்பட்டு, 2021-இல் அஸ்மொடே நிறுவனத்தின் கைக்குப் போன தளம். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, நேரலையாக ஆடாமல் அவரவர் வசதிப்படி ஒரு நாளுக்குள் ஒரு நகர்த்தல் என்று ஆடும் வசதிதான். பிற்பகலில் இடி மின்னலோடு மழை கொட்டும் நம் ஊரில், நேரலை ஆட்டத்தின் நடுவே இணைப்பு அறுந்து முறை தவறிப்போவது வழக்கம். நாள்கணக்கில் ஆடும் ஆட்டத்தில் அந்தத் தொல்லை இல்லை. அவசரமின்றிச் சிந்திக்கவும் முடிகிறது. இலவசச் செயலிகளில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இடையில் வரும் விளம்பரங்கள் எரிச்சலூட்டுகின்றன. பணம் வைத்து ஆட அழைக்கும் விளம்பரங்களும் அவற்றுக்கிடையே வருகின்றன என்பதால், பிள்ளைகள் ஆடும் கைப்பேசியில் அறியாதவர்களோடு ஆடும் பகுதியைத் திறக்காமல், தனி அறை எண் கொடுத்து உறவினர்களோடு மட்டும் ஆடவிடுவதே நல்லது.

தாயத்துக்கு மட்டும் எங்களுக்கு ஏற்ற செயலி இன்னும் அமையவில்லை. உள்கட்டத்துக்குள் நுழைவதற்குமுன் ஒரு வெட்டாவது வெட்டியிருக்க வேண்டும் என்ற விதியை அக்கா விட்டுக்கொடுக்க மாட்டார். நாங்கள் பார்த்த செயலிகளில் அந்த விதியைச் சேர்க்க இடமில்லை. ஆகவே இப்போது காணொலி அழைப்பில், மூன்று வீட்டிலும் ஒரே மாதிரி கட்டம் வரைந்த அட்டையை வைத்துக்கொண்டு, ஒரு வீட்டில் மட்டும் பித்தளைக் கட்டையை உருட்டி ஆடுகிறோம். கைப்பேசியைத் தலைக்கு நேர் மேலே ஒரு தாங்கியில் பொருத்தி, கட்டை உருளும் இடத்தில் அடர்நிறத் துணி விரித்தால் புள்ளிகள் எல்லாருக்கும் தெளிவாகத் தெரிகின்றன; சித்தப்பாவும் விழுந்த எண்ணை மறுத்துப் பேசுவதில்லை.