மெலிந்த ஓவர்ஃப்ளோ, சத்தமில்லாத வடிகால்: மூன்றரை வருட அனுபவம்

ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். விளக்கெல்லாம் அணைந்து வீடு அடங்கிய பிறகு தொட்டியின் மூலையிலிருந்து 'களக்... களக்... ஸ்ஸ்ர்ர்' என்று, குவளையின் அடியில் மிச்சமிருப்பதை ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுவது போல ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும். என் பழைய தொட்டியில் ஐந்து வருடம் அதோடுதான் தூங்கினேன். மூலையில் மேல்தண்ணீர் வழிந்து விழும் ஒரு பெரிய கறுப்புப் பெட்டி (ஓவர்ஃப்ளோ), அதற்குள் தண்ணீரைக் கீழே இறக்க டர்சோ முறையில் ஒற்றைக் குழாய், அதன் தலையில் காற்றுக்கு ஒரு துளை. துளையை எவ்வளவு கூட்டிக் குறைத்தாலும் ஒரு வாரம் அமைதியாக இருக்கும், அப்புறம் மறுபடியும் ஆரம்பித்துவிடும்.

அதனால் இப்போதுள்ள தொட்டியைக் கட்டும்போது இரண்டு விஷயங்களில் உறுதியாக இருந்தேன். சத்தம் வரக் கூடாது, தொட்டிக்குள் இருக்கும் பெட்டி பவளத்துக்கான இடத்தைத் தின்னக் கூடாது. தொட்டி 120 செ.மீ. நீளம், 60 அகலம், 55 உயரம். கீழே இருக்கும் சம்ப் என்ற வடிகட்டும் தொட்டியிலிருந்து ரிட்டர்ன் பம்ப் மேலே ஏற்றித் தருவது மணிக்கு ஏறக்குறைய 2500 லிட்டர். உள்ளே 60 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் உள்ள ஒரு மெல்லிய பெட்டி. கண்ணாடிக்குப் பின்னால், வெளியே, 12 செ.மீ. அகலத்தில் இன்னொன்று. இரண்டையும் இணைக்க இரண்டு பல்க்ஹெட் (கண்ணாடித் துளையில் கசியாமல் பொருத்தும் இணைப்பு). தண்ணீரைச் சம்புக்கு இறக்கும் மூன்று குழாய்களும் வெளிப்பெட்டியில்தான். துளை போடும் முன் பின்கண்ணாடி டெம்பர் (சூட்டில் உறுதியாக்குதல்) செய்யப்பட்டதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள், டெம்பர்டு என்றால் துளையிட்ட நொடியில் முழுக் கண்ணாடியும் சிதறிவிடும்.

பெட்டி மெலிந்தால் தண்ணீர் போகுமா என்றுதான் பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். பெட்டியின் அகலம் அதைத் தீர்மானிப்பதில்லை, விளிம்பின் நீளம்தான் தீர்மானிக்கிறது. ஏரிக் கலிங்கு மாதிரியேதான்: கலிங்கு நீளமாக இருந்தால் அதே வெள்ளம் மெல்லிய படலமாக வழியும், குறுகலாக இருந்தால் தடித்துப் பாயும். கணக்குப் போட்டால், மணிக்கு 2500 லிட்டர் 60 செ.மீ. நேர் விளிம்பில் வழியும்போது அதன் மேல் நிற்கும் தண்ணீர் சுமார் 7 மி.மீ. பழைய மூலைப் பெட்டியில் சீப்புப் பற்கள் பாதி இடத்தை அடைத்துக்கொண்டதால், தண்ணீர் போக உண்மையில் கிடைத்தது 17 செ.மீ. தான், அங்கே இதே அளவு தண்ணீர் 17 மி.மீ. உயரம் நிற்கும். படலம் மெல்லியதாக இருந்தால் மேற்பரப்பில் மிதக்கும் எண்ணெய்ப் பிசுக்கு நன்றாக வழித்து எடுக்கப்பட்டு, கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மருக்குப் போகிறது. மின்சாரம் போனால் சம்பில் இறங்கும் தண்ணீரும் குறைகிறது. என் தொட்டியில் மேற்பரப்பு 1 செ.மீ. இறங்கினால் 7 லிட்டருக்குக் கொஞ்சம் மேல், ஆகவே இந்த 10 மி.மீ. வித்தியாசம் அவ்வளவு தண்ணீர்.

சரி, சத்தத்துக்கு வருவோம். குழாயில் தண்ணீர் மட்டும் ஓடினால் சத்தம் வராது, காற்று மட்டும் இருந்தாலும் வராது. இரண்டும் கலந்து இறங்கும்போதுதான் அந்தக் களகளப்பு, சம்பில் நுண்குமிழிகளும் அதனால்தான். பீன் அனிமல் என்று எல்லாரும் சொல்லும் மூன்று குழாய் முறையை நான் எடுத்துக்கொண்டது இதற்காகவே. முதல் குழாய் முழு சைஃபன், அதாவது தண்ணீர் முழுக்க நிரம்பி இழுத்துக்கொண்டு ஓடும், அதில் காற்றே கிடையாது, கீழே ஓட்டத்தைக் கட்டுப்படுத்த ஒரு கேட் வால்வு, பம்ப் அனுப்புவதில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் அதுவே கொண்டுபோகிறது. அதில் அடங்காத கொஞ்சநஞ்சம் இரண்டாவது குழாயின் உள்சுவரை ஒட்டி வழிந்து இறங்கும், நடுவில் காற்று தாராளமாக இருப்பதால் அங்கும் சத்தமில்லை. மூன்றாவது உயரமாக, எப்போதும் காய்ந்தே நிற்கும் அவசரக் குழாய்.

இரண்டாவது குழாயின் தலையிலிருந்து ஒரு மெல்லிய காற்றுக்குழல் வெளிவந்து, வழக்கமான நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தொங்குகிறது. முதல் குழாய் அடைத்துக்கொண்டு மட்டம் ஏறினால் இந்தக் குழலின் நுனி மூழ்கும், காற்று நிற்கும், இரண்டாவது குழாயும் சைஃபனாக மாறி இழுக்க ஆரம்பிக்கும். விலை உயர்ந்த சென்சாரை விட இந்தக் குழல் துண்டை நான் நம்புகிறேன்.

வால்வைச் சரிசெய்த முதல் நாள் இன்னும் நினைவில் இருக்கிறது. பம்பைப் போட்டதும் ஒரு நிமிடம் ஒரே ஆர்ப்பாட்டம், சைஃபன் குழாயில் இருக்கும் காற்றெல்லாம் சம்பில் கொப்பளித்துக்கொண்டு வெளியேறும். அப்புறம் திடீரென்று நின்றுவிடும். பம்ப் நின்றுவிட்டதோ என்று பயந்து மேலே எட்டிப் பார்த்தேன், விளிம்பில் தண்ணீர் வழிந்துகொண்டுதான் இருந்தது. அதன் பிறகு கால் திருகு, ஐந்து நிமிடம் காத்திருப்பு, மறுபடி அரைக்கால் திருகு என்று, இரண்டாவது குழாயில் நூல் மாதிரி தண்ணீர் இறங்கும் வரை. பால் வால்வில் இந்த நுணுக்கம் கிடைக்காது, கை லேசாகப் பட்டாலே எங்கேயோ போய்விடும். பித்தளை வால்வு பக்கம் போகவே போகாதீர்கள், அதிலிருந்து கசியும் செம்பு நத்தை, இறால், பவளம் எதையும் விட்டுவைக்காது. பிவிசி கேட் வால்வு மட்டும்தான்.

ஆரம்பத்தில் ஒரு தவறு செய்தேன். சைஃபன் குழாயின் முனையை சம்பில் 15 செ.மீ. ஆழத்துக்கு இறக்கிவிட்டேன், ஆழமாக இருந்தால் இன்னும் அமைதியாக இருக்கும் என்ற எண்ணம். முதல் மின்வெட்டு முடிந்து பம்ப் ஓடியபோது குழாயில் இருந்த காற்றால் அந்த ஆழத்துத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியேற முடியவில்லை. மேலே மட்டம் ஏறி அவசரக் குழாய் இரைச்சலோடு வேலை செய்தது. முனையை வெட்டி 2 செ.மீ. மட்டும் மூழ்கும்படி வைத்தேன், அதன் பிறகு எத்தனை முறை மின்சாரம் போய் வந்தாலும் தானாகவே பிடித்துக்கொள்கிறது. அவசரக் குழாயின் முனை தண்ணீரைத் தொடவே கூடாது, சம்புக்கு மேலேயே நிற்கட்டும்.

இரண்டாம் வருடம் ஒரு நத்தை. விளிம்பைத் தாண்டி, பல்க்ஹெட் வழியே வெளிப்பெட்டிக்கு வந்து, சைஃபனின் எல்போ (வளைவு) வாயில் தக்கை மாதிரி உட்கார்ந்துவிட்டது. விடியற்காலை இரண்டு மணிக்கு இரைச்சல் கேட்டு எழுந்தேன். போய்ப் பார்த்தால் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை, இரண்டாவது குழாய் முழு வேகத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. கையைவிட்டு நத்தையை எடுத்துத் தொட்டிக்குள் போட்டேன், இரண்டு நிமிடத்தில் பழைய அமைதி. அவசர வழிகள் சத்தம் போடுவதைக் குறைக்க எதுவும் செய்யாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அந்தச் சத்தம்தான் என்னை எழுப்பியது. அதன் பிறகு பல்க்ஹெட் வாயில் வலைக்கூடை போட்டிருக்கிறேன். அதில் பாசி பிடிக்கும், மாதம் ஒரு முறை தேய்க்க வேண்டும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். உள்பெட்டியின் 5 செ.மீ. அகலம் எனக்கு இன்று வரை உறுத்துகிறது, என் கை உள்ளே போகாது. மூன்று வருடத்தில் உள்ளே பஞ்சுயிரிகளும் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசியும் தடித்து வளர்ந்துவிட்டன, பாட்டில் பிரஷை வைத்து எட்டிய வரை தேய்க்கிறேன். மறுபடி கட்டினால் 8 செ.மீ. வைப்பேன், தொட்டிக்குள் அந்த 3 செ.மீ. இழப்பு கண்ணுக்கே தெரியாது. வெளிப்பெட்டியால் தொட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் வைக்க முடிந்தது. மூடியைச் சுற்றி உப்பு பூக்கிறது, ஈரத்துணியால் வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும்.

வால்வும் ஒரு முறை வைத்துவிட்டு மறந்துவிடும் சமாச்சாரமில்லை. குழாய்க்குள் வழவழப்புப் படிந்து, பம்பும் அழுக்கேறித் தளர்வதால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை துளி திருக வேண்டியிருக்கிறது. பம்பைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துச் சுத்தம் செய்த அன்று வரத்து கூடும், இரண்டாவது குழாய் லேசாகச் சலசலக்கும். அதற்காக வால்வின் கைப்பிடியிலும் உடம்பிலும் அழியாத மையால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். பம்ப் சுத்தமாக இருக்கும்போது இரண்டு கோடும் நேராக நிற்க வேண்டும், மூன்றரை வருடமாக அந்த இடம் மாறவில்லை.